பியானோவுக்குள் திருகாணி

வளைகுடா ஊரான ரூவியில் ஒரு ஹோட்டல் அரங்கம். மாலைக் கச்சேரிக்கு வந்திருக்கும் பிரெஞ்சு அம்மாள் பியானோவின் மூடியைத் தூக்கி, கம்பிகளுக்கு நடுவே திருகாணிகளையும் ரப்பர் துண்டுகளையும் செருகிக்கொண்டிருக்கிறார். பழைய மேதைகளை விட்டுவிட்டு, இன்றைக்கு எழுதப்படும் இசையை மட்டுமே ஊர் ஊராக வாசித்து வருபவர் என்கிறது வாசலில் ஒட்டியிருக்கும் போஸ்டர். கச்சேரி ஏற்பாடுகளைக் கவனிக்கும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மேடையோரம் நிற்கும் செல்வத்துக்குச் சுத்தமாக வரவில்லை. அறந்தாங்கிக்காரர், இங்கே செக்யூரிட்டி டியூட்டி.

"என்ன சார், நட்டு போல்ட்டெல்லாம் உள்ள போடுது? ஏதாவது ஆச்சுன்னா என் தலையிலதான் விடியும்."

"அந்த இசையே அப்படித்தானாம்."

"உடைச்சவன் எவன் சார் உடைச்சேன்னு சொல்லியிருக்கான்?" கேமரா வைத்த புது செல்போனில் பியானோவின் உள்பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்.

கச்சேரி தொடங்குகிறது. தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி சத்தம். முன்வரிசைக் கோட்டுக்காரர்கள் போனைக் காதில் வைத்தபடி ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். நானும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். செல்வம் மட்டும் கண் கொட்டாமல் அந்த அம்மாளின் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

முடிந்ததும் அந்த அம்மாள் நேராக என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்கிறார்: "அங்கே நின்றிருந்தாரே, அவர் யார்? இத்தனை வருஷத்தில் என் வாசிப்பை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை."

கண் கலங்கியிருக்கிறது. நான் மேடையைத் திரும்பிப் பார்க்கிறேன். செல்வம் டார்ச் அடித்து, பியானோவுக்குள் தலையை விட்டு, செல்போன் படத்தோடு ஒவ்வொரு கம்பியாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"ரசிகர்," என்கிறேன்.