நிறைஞ்சிருக்கு

திருவானைக்காவலில் மாரியாயியின் இட்லிக் கடையை லேத் பட்டறை ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். வாய் கொஞ்சம் நீளம், சட்னி கொஞ்சம் காரம். இரண்டையும் பொறுத்துக்கொண்டு காலையில் பெஞ்சு கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு ஒரு பழக்கம். வீட்டில் எது தீர்ந்தாலும் இல்லை என்று சொல்ல மாட்டாள். அரிசி காலியானால் "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பாள். இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடும் என்பது நம் பெண்களின் கணக்கு. கேட்பவர்களும் புரிந்துகொண்டு போய்விடுவார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டதும் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் நின்றது. லாரியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதாகப் பேச்சு. இரும்பு வராமல் பட்டறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. மாரியாயியின் புருஷன் பெரியண்ணனும் வேலையில்லாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். இனி கடை அடுப்பு எரிந்தால்தான் சோறு. பெஞ்சில் சிரிப்பு குறைந்தது. யார் வீட்டில் புகை வருகிறது என்று தெருவே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மாரியாயிக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. பயமாகவும் இருந்தது.

அவளிடம் ஒரே ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தது. புருஷனுக்குக்கூடச் சொல்லாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். கார்த்திகை மழையில் நனைந்த விறகு அது இல்லாமல் பற்றாது. விறகு பற்றாவிட்டால் கடை கிடையாது.

ஒரு நாள் காலை எதிர்வீட்டு வீராயி டம்ளரோடு வந்தாள். அவள் மகள் பிள்ளை பெற்று, புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து முதல் நாள்தான் வந்திருந்தாள்.

"குழந்தைக்கு வெந்நி வைக்கணும் மாரியாயி. விறகு பத்தவே மாட்டேங்குது. ஒரு டம்ளர் மண்ணெண்ணெய் இருந்தா குடேன்."

"நிறைஞ்சிருக்கு வீராயி" என்றாள் மாரியாயி, அடுப்பைப் பார்த்தபடியே.

வீராயி காலி டம்ளரோடு திரும்பிவிட்டாள். பெஞ்சில் இருந்த கிளமென்ட் இட்லியை வாயில் வைக்காமல், ஈர விறகிலும் எரியும் அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் பட்டறையைப் பூட்டியதால் வேலை போனவன்.

மதியத்துக்குள் வாசலில் டின்னும் பாட்டிலுமாக ஆட்கள் கூடிவிட்டார்கள். முன்னால் கிளமென்ட் நின்றான். மாரியாயி கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நிறைஞ்சிருக்குன்னா தீந்துபோச்சுன்னு அர்த்தம். உங்க வீட்டுல இப்படிச் சொல்ல மாட்டாங்களா?" என்றாள்.

"சொல்லுவாங்க" என்றான் கிளமென்ட், நிதானமாக. "நிஜமாவே நிறைஞ்சிருந்தா நீங்க என்னக்கா சொல்லுவீங்க?"

நல்ல காலத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"எங்க வீட்டுல ஒளிக்க என்ன இருக்கு? உள்ள வந்து பாத்துக்கங்க" என்று பெரியண்ணன் ரோஷத்தோடு கதவை விட்டு விலகினான். மாரியாயி அவன் கையைப் பிடிப்பதற்குள் கிளமென்ட் உள்ளே போய்விட்டான். வெளியே வரும்போது கையில் பாட்டில் இருந்தது.

பல கைகள் ஒரே நேரத்தில் பாட்டிலுக்கு நீண்டன. அது நழுவிப் படியில் விழுந்து உடைந்தது. பெண்கள் உட்கார்ந்து முந்தானையைக் கல்லில் ஒற்றி ஒற்றி டின்னில் பிழிந்தார்கள். பெரியண்ணன் மாரியாயியின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான்.

வீராயி தன் வாசலில் நின்றிருந்தாள்.

"குழந்தைக்குத்தானே கேட்டேன்" என்றாள். மாரியாயிக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

சண்டை சீக்கிரமே முடிந்தது. டாக்கா நம் கைக்கு வந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று தெருவில் வீடு வீடாக மிட்டாய் கொடுத்தார்கள். மாரியாயியும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தட்டோடு வந்த வீராயி, அவள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.