முட்டிக்குக் கீழே ஒரு காது

அம்மா. சோபாவில் அப்பா. எங்களோடு தங்கியிருந்த மாமா. தொட்டியில் மாமாவின் அரவானா மீன். அதற்குத் தீனியாக ஒரு பை நிறையச் சில்வண்டு. பிறகு நான். சுங்கை வே பிளாட்டின் ஹாலில் அன்று இருந்தது இவ்வளவு பேர்தான். எனக்கு எட்டு வயது.

மாமா ஒரு சில்வண்டை விரலிடுக்கில் பிடித்துக் காட்டினார்.

“இதுக்குக் காது எங்க இருக்கு, சொல்லு?”

“தலையில.”

“இல்ல லா. முன்னங்கால்ல. முட்டிக்குக் கீழ பாரு.”

பார்த்தேன். வெள்ளையாக ஒரு புள்ளி. அதுதான் காதாம். காட்டி முடித்ததும் அதை மீனுக்குப் போட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

“மச்சான், கேட்டீங்களா? கால்ல காது!”

“சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு” என்றார் அப்பா.

அம்மாகூடச் சிரித்துவிட்டார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். தகடு அடிக்கும் மெஷின் பக்கத்தில் பல வருஷம் நின்றவர். காது மந்தம். நாங்கள் கத்தித்தான் பேசுவோம். ஆனால் யாராவது கிரில் கதவை இழுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தரை அதிருமாம்.

எனக்கு அது போதும். அப்பாவுக்கும் காது காலில்தான், நாம்தான் தப்பான இடத்தில் கத்துகிறோம் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் பள்ளியில் பரிசளிப்பு விழா. நான் பாட வேண்டும். அப்பா வந்து பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

வேலை முடிந்து வந்து சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். கைலியைக் கொஞ்சம் ஒதுக்கி, முட்டிக்குக் கீழே வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன்.

“அப்பா, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. நான் பாடறேன். வந்துடுங்க.”

கூசியிருக்கும். காலை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். என் தலையைத் தடவினார்.

“சரிம்மா. சரி.”

இது எங்கள் இரண்டு பேருக்குள் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வாசலைப் பார்த்தபடியே பாடினேன். அவர் வரவில்லை.

அவரோடு பேசுவதை நிறுத்தினேன். கேட்டும் வராமல் இருந்துவிட்டார் என்று கோபம். அவருக்குக் கேட்கவே இல்லை, விளங்காத எல்லாவற்றுக்கும் அவர் சொல்வது அந்தச் ‘சரி’தான் என்பது அந்த வயதில் தோன்றவில்லை.

என் கோபத்துக்குக் காரணம் அவருக்கும் தெரியாது. கோபம் என்பது மட்டும் தெரிந்தது. வேலை விட்டு வரும்போது தினமும் பாசார் கடையில் வேர்க்கடலை வைத்து மடித்த ஆப்பம் பாலிக் வாங்கி வந்து, சூடாக என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். தின்றேன். பேசவில்லை. ஏழாம் நாள்தான் பேசினேன்.

அதற்குள் ஆறு பொட்டலம்.