பெரியப்பா இலையில் கிதார் எலும்பு

“24-12-1961, ஞாயிறு. எலும்பு கிடைத்தது” என்று என் அக்காவின் டைரியில் இருக்கிறது. சென்ற வாரம் தென்காசியில் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லை ராவியபோது எழுந்த வாசனையில் அந்த வரி சட்டென்று உயிர் பெற்றுவிட்டது.

அன்று மாலை இலஞ்சி சர்ச்சில் அக்கா முதன்முதலாகக் கிதார் வாசிக்க வேண்டும். காலையில், ஆறு தந்திகளையும் அடிப்பக்கம் தாங்கும் மெல்லிய பட்டை இரண்டாக உடைந்துவிட்டது. கடைகளில் அது கிடைக்கவில்லை. எலும்பில் செதுக்கிவிடலாம் என்றாள் அக்கா. வெட்டாமல் வாங்கிய நீள நல்லி எலும்பு ஒன்று குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புளியறையிலிருந்து பெரியப்பா வந்தார். நல்லி விருந்தாளிக்குத்தான் என்ற வழக்கத்தில் அம்மா அதை அவர் இலையில் வைத்துவிட்டாள்.

“பெரியப்பா, கடிச்சிராதிய!” என்று அக்கா அலறினாள்.

“ஏட்டி, நாய்க்கு வேணுமா?”

“கிதாருக்கு!”

“ஒரு கடி கடிச்சிட்டேனே! இரு, உள்ள இருக்கத உறிஞ்சிட்டுத் தாரேன். கிதாருக்குக் கொழுப்பு எதுக்கு?”

அவர் முடிக்கும்வரை நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்து நின்றோம். பிறகு எலும்பைக் கழுவி அறுத்து, நான் பிடித்துக்கொள்ள அக்கா அரத்தால் ராவினாள். வெள்ளைத் தூள் பறந்தது. இதே வாசனை! நாலரை மணிக்குத் தந்தியைச் சுண்டினாள், கணீரென்றது.

“நம்ம நல்லி பாடுதுட்டி!” என்று பெரியப்பா குதித்தார்.

அந்தக் கிதார் இப்போது மேலகரத்தில் அக்கா மகளிடம் இருக்கிறது. பட்டையின் ஓரத்தில் பெரியப்பாவின் பல் தடம் இன்னும் தெரிகிறது என்கிறாள். தந்திகளைக் கழற்றிப் பார்த்து நான் உறுதிசெய்யவில்லை.