மெத்தைக்கு அடியில் ஒரு கெரோப்போக்

அந்த நாற்காலி ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு வாசலில் லாரியிலிருந்து இறங்கியது. அகலமான மரக் கைகள், தாழ்ந்த இருக்கை, தோல் மெத்தை. என் கணவருக்குச் சிங்கப்பூரில் ஒரு மரச்சாமான் கடையில் டெலிவரி வேலை.

"டிஸ்பிளே பீஸ்லா. கீறல் விழுந்துருச்சு. பாஸ் எடுத்துக்கச் சொன்னாரு" என்றார்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் ஸ்கூடாயில் பல் கிளினிக்கில் வேலை செய்பவள். பார்க்காமல் விடுவேனா? இடது கைப்பிடியில் நகம் பட்டது போல ஒரு கோடு இருந்தது, அவ்வளவுதான். அதற்காகவா ஒரு முதலாளி இதைத் தூக்கிக் கொடுப்பார்? போனில் தேடினேன். டென்மார்க்கில் செய்த அசல். விலையைப் பார்த்ததும் "அலமாக்!" என்று கத்தியேவிட்டேன். எங்கள் காரை விற்றாலும் வாங்க முடியாது. மனுஷன் திருடிவிட்டாரோ என்று அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர் பேசவும் ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாத மனிதர், தினமும் சாப்பிடும்போது அந்த நாற்காலியை வரைந்த டென்மார்க்காரரின் கதையைச் சொன்னார்.

"சின்ன வயசுல தச்சுப் பட்டறையிலதான் வேலை கத்துக்கிட்டாரு. அப்புறம் ஒரு பெரிய ஆளோட ஆபீஸ்ல நாற்காலி வரைஞ்சாரு. இந்தக் கை இருக்கு பாரு, இதை மட்டும் எத்தனையோ தடவை செஞ்சு செஞ்சு பாத்தாராம். கடைசியில அந்த ஆபீஸ விட்டு வெளிய வந்துட்டாரு."

"அப்புறம்?"

"அதுக்கு மேல இன்னும் படிக்கல."

படிக்கவில்லையா? காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, சிங்கப்பூர் எல்லைப் பாலத்தைத் தாண்டி வேலை பார்த்து, இரவு ஏழு மணிக்கு வந்து விழுகிறவர் எப்போது படிக்கிறார்? சோழியன் குடுமி சும்மா ஆடாது. கடையில் எவளோ கதை சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஒரு நாள் கிளினிக்கில் எல்லாரும் பாலத்து ஜாமைப் பற்றியே பேசினார்கள். மழை வேறு. எங்கள் முதலாளி டாக்டரே சிங்கப்பூரிலிருந்து வர நாலு மணி நேரம் ஆனது. இவரோ ஏழு மணிக்கு டாணென்று வந்து நின்றார். சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஜாமா? இல்லையே, கிளியர்லா."

மறுநாள் ஆறு மணிக்கு வீடு திரும்பி, பையை அந்த நாற்காலியில் போட்டேன். மெத்தை சூடாக இருந்தது. காலையிலிருந்து ஆளில்லாத வீடு, வெயில் எட்டாத மூலை. அவளை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வருகிறாரா?

அடுத்த நாள் வேலைக்குப் போகும் முன் மெத்தைக்கு அடியில் பொரித்த கெரோப்போக் ஒன்றை வைத்தேன். தொட்டாலே நொறுங்கும் இறால் அப்பளம் அது. மாலையில் தூக்கிப் பார்த்தேன். தூள் தூளாகக் கிடந்தது.

அதற்கு மறுநாள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மத்தியானமே திரும்பினேன். வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். கடைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தார். கையில் போன், அதில் அந்த டென்மார்க்காரரின் படம். நான் அறையையும் சமையலறையையும் போய்ப் பார்த்தேன். கழிவறைக் கதவையும் திறந்தேன். யாருமில்லை.

"கடையில ஆள் குறைச்சாங்க. ரெண்டு மாசமாச்சு" என்றார். "கடைசி நாள்ல பாஸ் இதைக் கொடுத்தாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் மெத்தையைத் தூக்கிக் காட்டினார். நொறுங்கிய கெரோப்போக் அப்படியே இருந்தது.

"நேத்து உட்கார்ந்ததும் சத்தம் கேட்டுச்சு. நீ வெச்சதுன்னு தெரியும். சும்மா கொடுத்தாங்கன்னு சொன்னதையே நீ நம்பல. வேலை போச்சுன்னு சொல்லியிருந்தா, அங்க என்ன பண்ணித் தொலைச்சீங்கன்னுதான முதல்ல கேட்டிருப்ப?"

அந்தக் கேள்வியைத்தான் கேட்க நான் வாயைத் திறந்திருந்தேன்.