தோற்பதற்கு உட்கார்ந்த சம்பந்திகள்

என் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க எல்லோரும் கடைக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, நானும் சம்பந்தியும் மட்டும் வீட்டில் விடப்பட்டோம். ஆண்கள் கூட வந்தால் புடவை எடுத்த மாதிரிதான் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்கு மட்டும் விலக்கு. கார் ஓட்ட ஆள் வேண்டும்.

சம்பந்தி ராமாபுரம் என்ற கிராமத்துக்காரர். மஞ்சள் விவசாயம், கூடவே ஓர் உரக்கடை. நான் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். பிள்ளைகள் இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்து ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டவர்கள். எங்களுக்குள் அப்படி ஒரு வசதி இல்லை. மழையைப் பற்றிக் காலையிலேயே பேசி முடித்திருந்தோம். மிச்சமிருந்தது ரம்மி. இருவருக்கும் ரம்மி தெரியும் என்பது பெண் பார்க்க வந்த அன்றே தெரிந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன் மகள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "அப்பா, மாமா சீட்டுல தோத்தா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேச மாட்டாராம். சும்னே இன்னைக்கு ஒரு நாள் தோத்துடுங்க" என்றாள். சும்மா என்பது அவள் வாயில் கன்னடத்தில்தான் வரும். கல்யாணம் முடியட்டும், பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். சரி என்றேன். தோற்பதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நினைத்தேன்.

ரம்மி தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. ஒன்றை எடுத்து ஒன்றைக் கீழே போட வேண்டும். ஒரே ஜாதியில் வரிசையாக மூன்றோ நான்கோ சேர்ந்தால் ரம்மி. வெவ்வேறு ஜாதியில் ஒரே எண் சேர்ந்தால் செட்டு. குறைந்தது இரண்டு ரம்மி வேண்டும், அதில் ஒன்று ஜோக்கர் கலக்காத ஒரிஜினலாக இருக்க வேண்டும். கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி வைப்போம். அந்த எண் உள்ளதெல்லாம் ஜோக்கர், எதற்குப் பதிலாகவும் நிற்கும். பதிமூன்றையும் முதலில் சேர்த்துக் காட்டுகிறவருக்குப் பூஜ்யம். மற்றவர் கையில் சேராமல் நிற்பதெல்லாம் அவர் கணக்கில் ஏறும். படம் போட்ட சீட்டுக்கும் ஏஸுக்கும் பத்து, மற்றவற்றுக்கு அதனதன் எண். நூற்றொன்றைத் தொட்டவர் அவுட். கை மோசமென்று எடுத்த எடுப்பிலேயே கவிழ்த்தால் இருபது. அதற்கு ஸ்கூட் என்று பெயர். பாதியில் கவிழ்த்தால் நாற்பது. தப்பாகக் காட்டினால் எண்பது.

அதாவது தோற்க விரும்புகிறவனுக்கு வழிகள் நிறையவே உண்டு.

முதல் கையில் எனக்கு ஒரிஜினல் ரம்மி தானாகவே வந்திருந்தது. ஸ்கூட் என்று கவிழ்த்தேன். இருபது. சம்பந்தி என்னை வருத்தமாகப் பார்த்தார். அடுத்த கையில் அவர் சீட்டை விரித்துக்கூடப் பார்க்காமல் ஸ்கூட் சொன்னார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது கையில் ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தேன். மொத்தம் அறுபது. நான்காவதில் அவரும் அதையே செய்தார். "கையி சரியில்லீங்க" என்றார். அவருக்கும் அறுபது.

ஐந்தாவது கையில் யாரும் கவிழ்க்கவில்லை. கட்டு தீர்ந்தது, கலைத்து மறுபடி வைத்தோம். அதுவும் தீரப் போனது. அந்தக் கையில் ஏழாம் எண் சீட்டுதான் ஜோக்கர். என் கையில் பன்னிரண்டு சீட்டு சேர்ந்து நின்றன, இன்னும் ஒன்று வந்தால் காட்டியாக வேண்டும். வந்தது. காட்டாமல் இருப்பதற்காக இஸ்பேட் ஏழை எடுத்துக் கீழே போட்டேன்.

சம்பந்தி அந்த ஏழைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஜோக்கரைக் கீழே போடுகிறவனைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். ஒரு சீட்டை எடுத்தார், யோசித்தார், டைமன் ஏழை அதன்மேல் போட்டார்.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று கேட்டார்.

"பொண்ணு. உங்களுக்கு?"

"பையன். நீங்க தோத்தா சாப்பிட மாட்டீங்கன்னு சொன்னான்."

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றேன். தானும் இல்லை என்றார். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்றுக்கொண்டோம். கணக்கை அழித்துவிட்டு, பெரிய மனிதர்கள் ஆடுகிற மாதிரி முதலிலிருந்து ஆட ஆரம்பித்தோம். அவர் நன்றாகவே ஆடினார். சீக்கிரமே என் கணக்கு தொண்ணூறில் நின்றது, அவருடையது முப்பத்தொன்றில்.

அப்போது அவர் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அவருடைய ஒரே ஒரிஜினல் ரம்மி, இதய ஜாதியான ஆட்டினில் ராஜா, ஏஸ், இரண்டு.

ராணி, ராஜா, ஏஸ் உண்டு. ஏஸ், இரண்டு, மூன்று உண்டு. ராஜாவிலிருந்து சுற்றிக்கொண்டு இரண்டுக்கு வருவது நான் ஆடிய எந்த இடத்திலும் கிடையாது. ராமாபுரத்தில் உண்டாம். அது செல்லும் என்றால் என் கையிலிருந்த பதினான்கும் ஏறி நூற்றுநான்கு, நான் அவுட். செல்லாது என்றால் தப்பாகக் காட்டியதற்கு எண்பது ஏறி நூற்றுப்பதினொன்று, அவர் அவுட். நடுவில் நிற்க இடமே இல்லை.

நான் மெதுவாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவரும் மெதுவாகத்தான் பேசினார். ராஜாவுக்கு மேல ஏஸு, ஏஸுக்கு மேல ரெண்டு, இதுல என்னங்க தப்பு என்றார். அப்படியானால் வருஷம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கலாமே என்றேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போய் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் டிவியைப் போட்டேன்.

பெண்கள் திரும்பி வந்தபோது நாங்கள் அப்படித்தான் இருந்தோம். மகள் சீட்டையும் பால்கனியையும் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் மாப்பிள்ளையிடம் நியாயம் கேட்டோம். வாரக்கடைசியில் நண்பர்களோடு ரம்மி ஆடுகிறவர்தான். ஆனால் தனக்கு ரம்மியே தெரியாது என்று நிதானமாகச் சொன்னார். அன்றுதான் எனக்கு அவரை நிஜமாகவே பிடித்துப்போனது.

புடவை நன்றாக இருந்தது. நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மதியச் சாப்பாடு கனமாக இருந்ததுதான் காரணம் என்று மனைவியிடம் விளக்கினேன். சம்பந்தி செவ்வாய்க்கிழமை போன் செய்து பத்திரிகையில் தன் தாத்தா பெயரைச் சேர்க்கச் சொன்னார். வேறு எதுவும் பேசவில்லை.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு ராமாபுரம் போனபோது, சாப்பாடு முடிந்ததும் அவரே பாயை விரித்து, புதுக் கட்டு ஒன்றைப் பிரித்தார். ஆட்டம் தொடங்கும் முன் ஒப்பந்தம் பேசிக்கொண்டோம். ராமாபுரத்தில் ஆடினால் ராஜா, ஏஸ், இரண்டு செல்லும். மைசூரில் செல்லாது. குண்டலுபேட்டையில் சம்பந்தியம்மாளின் தம்பி வீட்டில் ஆட நேர்ந்தால் என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அங்கே ஆட வேண்டாம் என்று முடிவு செய்தோம்.