மடங்காத முழங்கால்

கவ்வாத்து வெட்டி முடிந்த மலையில், வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை விறகுக்கு அள்ளிக்கொள்ள எங்களை விடுவார்கள். மிலாறு என்போம். அன்று கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நானும் மிலாறுக் கட்டு ஒன்றைத் தலையில் வைத்து இறங்கினேன். தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் கால் சறுக்கியது. வெட்டிய தேயிலைக் கட்டையின் கூர், முழங்கால் சில்லுக்குக் கீழே ஏறியது. வந்தது ஒரு சொட்டு இரத்தம்தான். துடைத்துவிட்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் முழங்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. குளிர்காய்ச்சல் வேறு. தோட்டத்து டிஸ்பென்சரியில் பெஞ்சு நிறைய ஆம்பிளைகள்; மறைப்புத் துணி கிடையாது. அவர்கள் முன்னால் சேலையைத் தூக்க வெட்கப்பட்டு, காய்ச்சல் என்று மட்டும் சொல்லிப் பெனடோல் மாத்திரை வாங்கி வந்தேன்.

சுளுக்குதான் என்று நினைத்த நாத்தனார் எண்ணெய் காய்ச்சி இரண்டு நாள் அழுத்தி நீவினாள். நான் துண்டைக் கடித்துக்கொண்டேன்.

"ரெண்டு புள்ள பெத்த ஆளு, இதுக்குப் போயி அழுவுறீங்களே அண்ணி" என்று சிரித்தாள்.

என் வீட்டுக்காரருக்கு ஹாலிஎல டவுனில் தங்கிப் பேக்கரி வேலை. நாங்கள் இருக்கிற லயத்துக் காம்பரா, தோட்டம் கொடுத்த ஒற்றை அறை, என் பேரில்தான் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லையென்றால் காம்பராவும் இல்லை. அவர் வந்து பார்த்த அன்றே ஆட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

யாழ்ப்பாணத்து டாக்டரம்மா மூட்டில் ஊசி போட்டு இழுத்தார். மஞ்சளாகச் சீழ் வந்தது. எலும்பு முனைகளில் வழுவழுப்பாக ஒரு பூச்சு இருக்கிறதாம். சீழ் அதை அரித்துவிட்டால் திரும்ப வளராதாம்.

"காய்ச்சல் எண்டு மட்டும் சொன்னா ஆரம்மா உங்கட காலைப் பாப்பினம்?" என்று டிஸ்பென்சரித் துண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "காலைக் காட்டவே இல்லையா நீ?"

நான் படுக்கை விரிப்பை இழுத்து முழங்காலை மூடினேன்.

இரண்டு முறை மூட்டைத் திறந்து கழுவினார்கள். சீழ் போனது. கால் கட்டை மாதிரி நீண்டே நின்றுவிட்டது. இனி மலை ஏற முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

காம்பரா போகக்கூடாது என்று அவர் பேக்கரியை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்தார். இந்தத் தோட்டத்தை விட்டு வெளியே வேலைக்குப் போன முதல் ஆள் அவர் வீட்டில் அவர்தான். இப்போது மருந்து அடிக்கிற டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார். நான் காலை நீட்டி உட்கார்ந்து ரொட்டி தட்டிக் கொடுக்கிறேன். அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாள் திட்டிவிட்டால் தேவலை என்றிருக்கிறது.