சிங்கம் போட்ட நீலச் சட்டை

படம் பார்த்துவிட்டு எவனாவது ஆளை அடிப்பானா என்று யார் கேட்டாலும் இப்போது எனக்கு அலுப்புத்தான் வருகிறது. போலீஸ்காரர் கேட்டார், லோயர் கேட்டார், ஆபீஸில் பக்கத்து மேசைக்காரி பசியாறிக்கொண்டே கேட்டாள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்பினேன். யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை.

நான் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சின்னத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். ஆசைப்பட்டு ஆனதில்லை. பதினோரு வருடமாக அந்த நாற்காலியை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. இலங்கைப் போரைப் பற்றி ஏதாவது படம் வந்தால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேரங்காடித் தியேட்டரில் ஒரு ஹாலை முழுசாக எடுத்துவிடுவோம். டிக்கெட்டை நாங்களே விற்போம். சட்டையில் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வருவோம். படம் தொடங்குமுன் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். வாசலில் விளக்கேற்ற வேண்டும், ஆனால் உள்ளே நெருப்புக்கு அனுமதி இல்லை. அதனால் பேட்டரி விளக்கு. குனிந்து அடியில் சுவிட்சைத் தட்டி, கும்பிட்டுவிட்டு ஹாலுக்குள் போவோம். இலங்கையில் எனக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. என் பாட்டன் கப்பலேறியது தமிழ்நாட்டிலிருந்து. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைத்துக்கொள்வேன், பொய் இல்லை.

இந்த முறை ஒரு டிக்கெட் மிஞ்சியது. தங்கை வீட்டுக்காரரை, என் மாப்பிள்ளையை, நான்தான் கூப்பிட்டேன். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்.

"எனக்கு எதுக்கு மச்சான் இந்த அழுவாச்சிப் படமெல்லாம்? சண்டைப் படம்னா சொல்லுங்க, வரேன்."

"இதுவும் சண்டைதான் லா. சும்மா வாங்க, சீட்டு காலியா கிடக்குது."

வந்தார். கறுப்பு ரிப்பனை நானே அவர் சட்டையில் குத்திவிட்டேன்.

படத்தில் ஒரு காட்சி. ஒரு சிப்பாய், தோளில் சிங்கம் போட்ட துணிப்பட்டை, கீழே கிடக்கிற ஒருவனைப் பார்த்துச் சிரிப்பான். அதை எடுத்தவனுக்குத் தெரியும், அந்தச் சிரிப்பை எவ்வளவு நேரம் காட்டினால் வயிறு எரியும் என்று. ஹால் முழுக்கக் கத்தியது. நானும் கத்தினேன். ஐம்பத்தேழு வயது, இரத்த அழுத்தத்துக்கு இரண்டு வேளை மாத்திரை, அப்படி ஒரு கெட்ட வார்த்தை என் வாயில் இருக்கிறதென்று எனக்கே அன்றுதான் தெரியும். மாப்பிள்ளை கத்தவில்லை. மூக்கை உறிஞ்சினார். முன் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். படம் மனசைத் தொட்டுவிட்டது என்று எனக்குப் பெருமைகூட வந்தது. அட மடையா!

படம் விட்டதும் கீழே சாப்பாட்டுக் கடைகள் பக்கம் தேத்தண்ணீர் குடிக்கப் போனோம். இரண்டு மேசை தள்ளி ஒருவன் தனியாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். நீலச் சட்டை, இலங்கை கிரிக்கெட் அணியின் சட்டை. நெஞ்சில் வாள் பிடித்த சிங்கம். போனில் எதையோ பார்த்துச் சிரித்தான்.

"சிரிக்கிறான் பாருங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

பார்த்தேன். அவர் எழுந்து போனார். முதல் அடியிலேயே அவன் நாற்காலியோடு சாய்ந்தான். விழுந்தவனை மேலும் மூன்று நான்கு முறை அடித்தார். தே விற்கிற தண்ணீர்க் கடைச் சீன அம்மா ஒருத்தி, என்னைவிட மூத்தவள், தட்டோடு ஓடிவந்து அவர் முதுகில் படபடவென்று அறைந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் தே கிளாஸோடு அங்கேயே நின்றேன்.

அடிபட்டவன் பங்களாதேஷ்காரன். அங்கேயே மேசை துடைக்கிறவன், அன்றைக்கு வேலை முடிந்து உட்கார்ந்திருக்கிறான். சட்டை பண்டல் கடையில் வாங்கியது. பழைய துணியை மூட்டை மூட்டையாக இறக்கிக் குவித்து விற்பார்களே, அந்தக் கடை. தாடை உடைந்துவிட்டது.

இதற்கப்புறம் எங்கள் ஆட்கள் பேசிய பேச்சுத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஐயோ பாவம், ஆள் மாறிப்போச்சு லா" என்றார் தலைவர். "பங்களாக்காரனைப் போயி அடிச்சிட்டாரே" என்றார் பொருளாளர். தங்கையும் அதையேதான் சொன்னாள். அப்படியானால் சரியான ஆளாக இருந்தால் தாடையை உடைக்கலாமா? மேசை துடைக்க வந்த ஒரு சிங்களப் பையனாகவே இருந்தாலும் அவன் எந்தக் குண்டைப் போட்டான்? சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று மூடிக்கொண்டேன்.

லோயர் செபராங் ஜெயாவில் இருக்கிறார், நம் தமிழ்ப் பெண்தான். கோர்ட்டில் கொடுக்க என் பெயரில் ஒரு கடிதம் தயார் பண்ணியிருந்தார், மலாயில். மாப்பிள்ளை இதற்குமுன் ஒரு வம்புக்கும் போனதில்லை என்பது ஒரு வரி. படத்தின் தாக்கத்தில் நிதானம் இழந்துவிட்டார் என்பது ஒரு வரி. நான் உடனே ஓடிப்போய்த் தடுத்தேன் என்பது கடைசி வரி.

"குடும்பத்துல பொறுப்பான ஆள் ஒருத்தர் கூட இருந்தார், தடுத்தார்னு இருந்தா நல்லாருக்கும் அங்கிள். அந்த ஆளும் போலீஸ் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கிட்டா இன்னும் நல்லது. நீங்க போய்ப் பேசிப் பாருங்க."

தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அவரை உள்ள போட்டாங்கன்னா லாரி வேலை போயிரும் அண்ணே. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பேசிய குரல் அது. கடிதத்தை மடித்து அவள் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் போய்ப் பேசிவிட்டு வந்ததும் கையெழுத்து என்று பேச்சு.

மறுநாள் மத்தியானம் ஆரஞ்சும் ஒரு பிஸ்கட் டின்னும் வாங்கிக்கொண்டு போனேன். கடைவீட்டு மாடியில் ஒரே அறையில் எட்டுக் கட்டில்கள். அவன் கீழ்க்கட்டிலில் இருந்தான். பல்லைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பிஸ்கட் டின்னைக் கண்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. கம்பி கட்டிய வாய்க்குப் பிஸ்கட் வாங்கிப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மலாயில்தான் பேசினோம், என்னை அபாங், அண்ணன், என்று கூப்பிட்டான். அவனுக்குப் பல்லிடுக்கு வழியேதான் பேச்சு.

"அபாங், அவர் எதுக்கு என்னை அடிச்சார்?"

சட்டையைச் சொன்னேன். படத்தைச் சொன்னேன். அவன் கொடியில் காய்ந்த அந்த நீலச் சட்டையை ஒருமுறை பார்த்தான்.

"அது எங்க டீமை அடிக்கடி ஜெயிக்கிற டீம். எனக்கும் பிடிக்காது. துணி நல்ல துணி, அதான் வாங்கினேன்."

நான் ரிப்போர்ட் விஷயத்தை எடுக்கலாமென்று தொண்டையைச் செருமினேன்.

"அவருக்குக் கோபம், சரி," என்றான். "நீங்க ஏன் அபாங் அங்க நின்னீங்க? கீழே கிடந்து உங்களைத்தான் பார்த்தேன். வயசானவர், வந்து பிடிப்பார்னு நினைச்சேன். நீங்க கையில கிளாஸோட, படம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

பயந்துபோய் நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை. முதல் அடி விழுந்தபோது என் நெஞ்சுக்குள் ஒன்று 'போடு, இன்னொண்ணு போடு' என்றது. இரண்டாவது அடிக்கும் சொன்னது. இனித்தது. மாப்பிள்ளைக்கு அடிக்கிற கை முன்பே நீளமா, படம் நீட்டிவிட்டதா, எனக்குத் தெரியாது. இருநூறு பேர் பார்த்தோம், மற்றவர்கள் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த ஹாலுக்குள் போகாத ஆளாக இருந்திருந்தால் நான் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். அவன் தலையசைத்தான், மன்னித்தானா என்று தெரியவில்லை. ஃபெர்ரி ஏறித் தங்கை வீட்டுக்குப் போனேன்.

மாப்பிள்ளை ஜாமீனில் வந்து வேலைக்குப் போயிருந்தார். அவள் கடிதத்தையும் பேனாவையும் மேசையில் எடுத்து வைத்திருந்தாள். படத்தின் தாக்கம் என்ற வரியை அப்படியே விட்டுவிட்டேன். கடைசி வரியைக் கோடு போட்டு அடித்தேன்.

"என்ன அண்ணே பண்றே?"

"நான் தடுக்கலம்மா."

"தடுக்கலைன்னா? பக்கத்துலதானே இருந்தே? என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

"பார்த்துக்கிட்டு இருந்தேன். நல்லா இருந்துச்சு எனக்கு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"தூங்கிக்கிட்டு இருந்தவரை எழுப்பிக் கூட்டிட்டுப் போனது நீதானே அண்ணே?"

"நான்தான்."

"அதையும் எழுது."

கீழே இடம் இல்லை. தாளைத் திருப்பினேன்.